உரிமை வளர்த்த உத்தமர்கள்

நம் ஊரில் பாராட்டு விழா யாருக்குத்தான் எடுப்பதில்லை? வார்டு கவுன்சிலர் ஆனவருக்கு எடுக்கிறார்கள். கவுன்சிலருக்கு நின்று டெபாசிட் போனவருக்கும் அவர் துணிச்சலைப் பாராட்டி எடுக்கிறார்கள். ஆனால் இணையத்தில் இளைஞர்களின் உரிமையைப் பாலூட்டிச் சீராட்டி வளர்த்த பெரியவர்களுக்கு இன்றுவரை ஒரு கைத்தறித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. பெயரெல்லாம் வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வழக்கறிஞர் வாதாட ஒரு வழக்கு வேண்டாமா? வழக்குக்கு ஒரு கைது வேண்டாமா? கைதுக்கு ஒரு சட்டமும், அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்துப் பார்க்காத ஓர் அதிகாரியும் வேண்டாமா? அஸ்திவாரம் தோண்டியவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குறை தீரத்தான் இந்த வாழ்த்துமடல்.

முதல் மாலை நாடாளுமன்றத்துக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2008 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. உறுப்பினர்கள் நேரத்தை வீணாக்கவில்லை. விவாதம் இல்லாமலேயே நிறைவேற்றிவிட்டார்கள். அடுத்தவர் பேச்சைப் பற்றிய சட்டத்தைத் தாங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் முடித்துக்கொடுத்த அந்த அடக்கத்தை என்னவென்று சொல்வது! கணினி வழியாகவோ செல்போன் வழியாகவோ மிகவும் புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, வசதிக்குறைவு உண்டாக்குவது என்று குற்றங்களை அந்தப் பிரிவு அடுக்கியது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை. எது புண்படுத்தும், யாருக்கு எவ்வளவு எரிந்தால் எரிச்சல் என்ற அளவெல்லாம் சொல்லி ஸ்டேஷன் அதிகாரியின் கற்பனைக்குக் குறுக்கே நிற்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டினால், பக்கத்தில் இருப்பவர் இன்னொரு டீ சொல்வார். அதில் பாதியைப் போனில் தட்டினால் போலீஸ் வரும். பெரியவர்கள் வாயால் பேசுவதைவிடச் சின்னவர்கள் விரலால் பேசுவதற்குக் கனம் அதிகம் என்று சட்டமே போட்டு ஒப்புக்கொண்ட சபை அது.

இரண்டாவது மாலை மகாராஷ்டிரத்தின் பால்கர் போலீஸாருக்கு. 2012 நவம்பர் 17 அன்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே காலமானார். மறுநாள் இறுதி ஊர்வலம்; மும்பையில் கடைகள் திறக்கவில்லை. பால்கரில் 21 வயதுப் பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினார். நாள்தோறும் எத்தனையோ பேர் இறக்கிறார்கள், உலகம் நின்றுவிடுவதில்லை. இன்று ஊர் அடைத்துக் கிடப்பது மரியாதையால் அல்ல, பயத்தால் என்பது அதன் சாரம். அவருடைய தோழி அதற்கு ஒரு லைக் போட்டார். அவ்வளவுதான். நவம்பர் 19 அன்று இரண்டு பேரும் கைது. எழுதியவரையும் விரலை ஒருமுறை வைத்து எடுத்தவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த அந்தச் சமநோக்கு வேறு யாருக்கு வரும்? இன்னொரு பக்கம் கும்பல் ஒன்று தன் பங்குக்கு, எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனைக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. ஊர் அடைத்துக் கிடந்தது பயத்தால்தான் என்று அந்தப் பெண் எழுதியதற்கு இதைவிடப் பெரிய சான்றிதழை யாரும் கொடுத்திருக்க முடியாது.

இந்தக் கைதுகள் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் 66ஏ அடுத்த தலைமுறைக்கும் சொத்தாகப் போயிருக்கும். செய்தியைப் படித்துவிட்டு ஷ்ரேயா சிங்கால் என்ற டெல்லிப் பெண் உச்ச நீதிமன்றப் படியேறினார். அவருக்கும் வயது 21தான். இத்தனை நாள் இதை எதிர்த்து ஒருவரும் வரவில்லையே என்று தலைமை நீதிபதி அல்தமஸ் கபீரின் அமர்வே வியந்தது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் அந்தப் பிரிவை முழுசாக ரத்து செய்தார்கள். ஒன்றைப் பற்றிப் பேசுவது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டிவிடுவது வேறு. தூண்டுதல் என்ற எல்லையைத் தொட்டால்தான் சட்டம் கைநீட்டலாம் என்று தீர்ப்பு வரம்பு கட்டியது. தீர்ப்புக்குச் சில நாட்களுக்கு முன்புகூட உத்தரப் பிரதேசப் போலீஸார் சும்மா இருக்கவில்லை. ஓர் அமைச்சரைப் பற்றிய ஃபேஸ்புக் பதிவுக்காகப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கைது செய்து, சட்டம் எப்படிப் பயன்படுகிறது என்று கடைசி நேரத்தில் நாட்டுக்கே எடுத்துக்காட்டினார்கள். ஒரு சட்டத்தை ஒழிப்பதற்கு அதைக் காப்பாற்ற வேண்டியவர்களே இவ்வளவு ஒத்தாசை செய்த வரலாறு அபூர்வம்.

ரத்தானதும் கைகழுவிவிட்டுப் போகும் நன்றிகெட்டவர்களா நம் போலீஸார்? 66ஏ செத்த பிறகும் அதன் பெயரில் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் அந்தப் பிரிவில் 745 வழக்குகள் உயிரோடு இருந்தன. அதிர்ச்சியாக இருக்கிறது என்றது நீதிமன்றம். தீர்ப்பின் நகலை எல்லாத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பச் சொல்லி 2019-லேயே உத்தரவு போட்டாயிற்று. கடைசியில் 2022 அக்டோபரில், இந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தவைக்கும் மாணவர்களால்தான் ஆசிரியருக்கே பாடம் மனப்பாடமாகும். அந்த வகையில் பேச்சுரிமை பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு இன்று மறதியே வர வாய்ப்பில்லை.

அடுத்த மாலை கேரளத்துக்குப் போக வேண்டும். கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு. அங்கே முதலில் இருந்த விதி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செல்போன் கூடாது என்பது. தூங்குகிற நேரத்தில் தடை போட்டு என்ன புண்ணியம் என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். 2019-ல் மாலை 6 முதல் இரவு 10 வரை என்று மாற்றினார்கள். வகுப்பு முடிந்து, குளித்து, டீ குடித்து, படிக்க உட்காரும் நேரம் பார்த்துப் போனை வாங்கி வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய கரிசனம்! இளநிலை மாணவிகளுக்கு லேப்டாப்பும் இல்லை. ஓட்டுப் போடலாம், ஓட்டுநர் உரிமம் எடுக்கலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் மட்டும் கெட்டுப்போய்விடுவார்கள்.

பி.ஏ. ஆங்கிலம் படித்த 18 வயது மாணவி ஒருவர் முடியாது என்றார். விடுதியை விட்டு வெளியே போ என்றார்கள். நேராகக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார்: இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது; அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு அதைக் காக்கிறது; மாணவியை உடனே விடுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரள அரசு 2017 பட்ஜெட்டிலேயே இணையம் மக்களின் உரிமை என்று சொல்லியிருந்தது. சொல்லி என்ன பயன்? பட்ஜெட் உரையில் கைத்தட்டல் வாங்கிய அந்த வாக்கியம் சட்டத்தில் ஏற, நாலு மணி நேரம் போனைப் பிடுங்கி வைக்க ஒரு வார்டன் தேவைப்பட்டார்.

நாலு மணி நேரத்துக்கே இந்தப் பலன் என்றால், மாதக்கணக்கில் பிடுங்கினால்? 2019 ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீரில் போன், இணையம் எல்லாம் நின்றது. அதன் புண்ணியத்தில் 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைச் சொன்னது: இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் சாசனம் காக்கும் உரிமை, முடிவே இல்லாமல் இணையத்தை முடக்கிவைக்க முடியாது, முடக்கும் ஆணையை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். தீர்ப்பை மதித்து அந்த மாதமே அரசு இணையத்தைத் திருப்பிக் கொடுத்தது. எப்படி? 2ஜி வேகத்தில், அனுமதித்த 301 தளங்கள் மட்டும். கொரோனாவில் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீடியோ வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, காஷ்மீர்ப் பிள்ளைகள் ஆசிரியரின் முகம் துண்டுதுண்டாக வந்து சேரக் காத்திருந்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. பதினெட்டு மாதம் பொறுமையை வீட்டுப்பாடமாகக் கொடுத்த பள்ளிக்கூடம் வேறெங்கும் கிடையாது.

4ஜி வந்த அதே பிப்ரவரியில் டெல்லி போலீஸார் பெங்களூருக்குப் போய், திஷா ரவி என்ற 22 வயதுச் சூழலியல் செயற்பாட்டாளரைக் கைது செய்து அழைத்துவந்தார்கள். விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவான ஒரு கூகுள் டாக்குமென்ட்டைத் திருத்தினார் என்பது குற்றச்சாட்டு. தேசத்துரோகப் பிரிவும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்திய வாத்தியார்களுக்குக்கூட இந்தக் கௌரவம் கிடைத்ததில்லை. பத்தே நாளில் கூடுதல் அமர்வு நீதிபதி தர்மேந்தர் ராணா ஜாமீன் கொடுத்தார். வாட்ஸ்அப் குழு தொடங்குவது குற்றமல்ல, அரசோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகக் குடிமக்களைச் சிறையில் அடைக்க முடியாது என்று எழுதினார். வாட்ஸ்அப் குழு தொடங்குவது குற்றமல்ல! ஒரு நீதிபதி பேனா எடுத்து எழுதித்தான் தெரிய வேண்டிய சங்கதியாக இதை உயர்த்தியது யார்? டெல்லி போலீஸ் அல்லவா?

தமிழ்நாட்டுக்கு மாலை இல்லாமல் போகுமா? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களைக் கட்சி எதுவும் லாரியில் ஏற்றி வரவில்லை. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அழைத்தன, வந்தார்கள். இரவில் கடற்கரையில் விளக்குகள் அணைந்தபோது ஆயிரக்கணக்கில் செல்போன் டார்ச்சுகள் எரிந்தன. தலைவர் இல்லாத கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்று ஒரு வாரம் யோசித்த அரசு, ஜனவரி 23 அன்று ஒரே நாளில் இரண்டு காரியத்தையும் முடித்தது. காலையில் போலீஸை அனுப்பிக் கடற்கரையைக் காலிசெய்தது. மாலையில் சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. காளைக்குச் சட்டம், காளையருக்குத் தடியடி! அதற்குப் பிறகு மெரினாவைப் போராட்டக் கறை படாமல் காத்துவருகிறார்கள். ஒருநாள் உண்ணாவிரதத்துக்குத் தனி நீதிபதி கொடுத்த அனுமதியைக்கூட அரசு மேல்முறையீடு செய்து, 2018-ல் டிவிஷன் பெஞ்சில் ரத்து வாங்கிவிட்டது. சுண்டல் விற்கலாம், குதிரை ஓட்டலாம், தலைவர்களுக்குச் சமாதி கட்டலாம். இளைஞர்கள் உட்கார்ந்து கோரிக்கை வைப்பதுதான் கடற்கரையின் அழகுக்குக் குறைவு.

கடல் தாண்டினாலும் உத்தமர்களுக்குக் குறைவில்லை. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கை அரசு ஊரடங்கோடு சேர்த்து ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாவற்றையும் முடக்கியது. அன்று அப்பா மகிந்த பிரதமர், சித்தப்பா கோத்தபய ஜனாதிபதி, மகன் நாமல் ராஜபக்ச இளைஞர் விவகார, விளையாட்டுத் துறை அமைச்சர். சித்தப்பா அரசின் தடை பலிக்காது என்று நாமல் முடங்கிக் கிடந்த ட்விட்டரிலேயே எழுதினார். வி.பி.என். இருக்கிறது, நானே இப்போது அதில்தான் வந்திருக்கிறேன், இப்படிப்பட்ட தடையால் ஒரு பயனும் இல்லை என்று விளக்கமும் கொடுத்தார். இளைஞர் நலனுக்கென்று அமைச்சர் இருந்தால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! தடை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த வாரம் காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் முளைத்தன. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போய்விட்டார்.

நேபாளப் பிரதமர் ஒலி இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும். இருந்தாலும் சொந்த அனுபவத்துக்கு ஈடுண்டா? 2025 செப்டம்பர் 4 அன்று, பதிவு செய்துகொள்ளவில்லை என்று 26 சமூக ஊடகங்களை முடக்கினார். செப்டம்பர் 8 அன்று பள்ளி, கல்லூரிச் சீருடையோடு பிள்ளைகள் காத்மாண்டு வீதிக்கு வந்தார்கள். அன்று மட்டும் 19 பேர் உயிரிழந்தார்கள். இரவில் தடை போனது. மறுநாள் பிரதமரும் போனார். இடைக்காலத் தலைமைக்கு யார் வரலாம் என்று இளைஞர்கள் டிஸ்கார்ட் செயலியில் விவாதித்து வாக்கெடுத்தார்கள். அதில் முன்னுக்கு வந்த முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி 12-ம் தேதி பதவியேற்றார். உரிமை வளர்ப்பில் வரவையெல்லாம் தங்கள் பேரில் எழுதிக்கொள்ளும் உத்தமர்கள், இந்த 19 பேரைப் போன்ற செலவை மட்டும் எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் கணக்கில்தான் எழுதுவார்கள்.

அரசாங்கத்தையே பாராட்டிக்கொண்டிருந்தால் வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். பெரியப்பா காலை ஐந்தரைக்கு ஒரு வீடியோ போடுவார்: நேற்று பக்கத்து ஊரில் நடந்த அக்கிரமம், எல்லோரும் பகிரவும். கல்லூரியில் படிக்கும் பெண் அதன் கீழே, “பெரியப்பா, இது பழைய வீடியோ, வேற நாட்டுல எடுத்தது” என்று எழுதுவாள். வந்துவிடும் அத்தையின் பதில்: “பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியாம்மா? ரெண்டு எழுத்து படிச்சுட்டா போதுமா?” அப்பா தனியாகக் கூப்பிட்டு, “அவர் போட்டா போட்டுட்டுப் போறார், நீ ஏன் வாயைக் கொடுக்கற?” என்பார். பொய்யைப் பரப்பும் சுதந்திரத்தை மூத்தவர்களுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும் கடமையை இளையவர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த பாகப்பிரிவினை இது.

இந்த வீட்டு நீதியைத்தான் 2023-ம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுச் சட்டமாக்கியிருக்கிறது. 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தை. அவர்கள் தரவைத் தொட, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். பதினேழரை வயதுப் பெண் ஒரு செயலியில் சேர, அப்பா தன் போனில் ஓகே சொல்ல வேண்டும். அந்தப் போனை வாங்கித் தந்து, கூகுள் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் ஒட்டியவள் அவள்தான். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றவனுக்கு ஓ.டி.பி. சொல்லப் போன அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்தவளும் அவள்தான். இருந்தால் என்ன? விவரம் தெரிந்தவருக்கு விவரம் தெரியாதவர் காப்பாளராக இருப்பதுதானே மரபு. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டம் நிறுவனங்களைப் பயமுறுத்துகிறது. தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசு மறக்காமல் வைத்துக்கொண்டது. பிள்ளைகளைக் கண்காணிக்க அந்நியர் எதற்கு, நாம் இல்லையா என்ற பாசம்! ஆஸ்திரேலியா இன்னும் ஒருபடி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரிய சமூக ஊடகங்களிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றியது. அது அமலுக்கு வருமுன்பே 15 வயதினர் இருவர் நீதிமன்றம் போனார்கள். பேச்சுரிமை என்றொன்று உண்டு என்பதை அவர்கள் வயதில் நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இவ்வளவு வாழ்த்திய பிறகு உரிமையோடு ஒரு குறையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உத்தமர்களிடம் இப்போது ஒரு கூச்சம் தெரிகிறது. முன்பெல்லாம் கைதென்றால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், விடுதி விதியென்றால் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். யாராவது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடிந்தது. இப்போது அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு கணக்கை முடக்கினால், விதிப்படி அது ரகசியம். எழுதியவருக்குத் தெரிவதெல்லாம், சட்டபூர்வக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரி. யார் கோரினார்கள், எந்த வாக்கியம் உறுத்தியது என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. இணையத்தைத் துண்டிப்பதிலும் அப்படியே. ஆணையை வெளியிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்தது. எத்தனை முறை துண்டித்தார்கள் என்ற பதிவே மத்திய அரசிடம் இல்லை என்று தெரிந்தது. கொடுத்ததைக் கணக்குப் பார்க்காத வள்ளல்கள்! ஆனால் வள்ளல் தன்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தாள் இல்லாவிட்டால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாவிட்டால் தீர்ப்பு இல்லை. இப்படியே சத்தமில்லாமல் போனால், நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த உரிமை அடுத்த தலைமுறையில் மெலிந்து போகும். பிள்ளைகளே எழுதுவதற்கு முன்னால் யோசித்து, யோசித்ததையும் அழித்துவிட்டுப் படிக்கப் போய்விடுவார்கள். அப்புறம் உங்களை யார் நினைப்பார்கள்? அதனால் பெரிய மனசு பண்ணி ஒன்று செய்யுங்கள். முடக்குவதானால் ஆணையை எழுத்தில் போடுங்கள். காரணம் எழுதி, தேதி போட்டு, கீழே உங்கள் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு நகலை அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.